கரும்புக் கணக்கும் கல்லூரிப் படிப்பும்

விழுப்புரத்தில் ரயிலேறிச் சென்னைப் பக்கம் வருகிறவர்கள் சிறிது நேரத்திலேயே முண்டியம்பாக்கத்தைத் தாண்டுவார்கள். அரவைப் பருவமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் ஊர் தெரிந்துவிடும். காய்ச்சிய சாற்றின் மணமும், எரிகிற சக்கையின் புகையும் வண்டிக்குள்ளே வந்து சொல்லும். ஆலை வாசலில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டி நிற்கும். ஓராண்டு உழைப்பை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, தன் முறை எப்போது வரும் என்று காத்துக் கிடப்பார் கரும்பு விவசாயி.

எடைமேடை வரையில் அவருக்குத் தெரியும். முள் எங்கே நின்றது, ரசீதில் என்ன எழுதினார்கள் என்று பார்த்துக்கொள்வார். எடைமேடைக்கு அப்பால்? அங்கே கரும்பு பிழியப்படுகிறது, சாறு காய்ச்சப்படுகிறது, சர்க்கரை மூட்டையாகிறது. கரும்பில் இருந்த சர்க்கரையில் எவ்வளவு மூட்டைக்கு வந்தது, எவ்வளவு வழியிலே போயிற்று, போனது எந்த வழியாகப் போயிற்று? இதை அவருக்கு யார் சொல்லுகிறார்கள்? உள்ளே வேலை செய்கிற தொழிலாளத் தோழருக்காவது முழுக் கணக்கும் தெரியுமா? பாய்லரில் நிற்பவருக்குப் பாய்லர் தெரியும். பானில் நிற்பவருக்குப் பான் தெரியும். ஆலை முழுவதையும் ஒன்றாய்ச் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் வித்தை அவருக்கும் எட்டாமலே இருக்கிறது.

அப்படி ஒரு வித்தை உண்டா என்று தோழர்கள் கேட்கலாம். உண்டு. அதைப் பல்கலைக்கழகங்களில் ஆராய்கிறார்கள், புத்தகம் எழுதுகிறார்கள், பட்டம் தருகிறார்கள். 'பிராசஸ் சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங்' என்று அதற்குப் பெயர். தமிழில் சொன்னால் செயல்முறை அமைப்புப் பொறியியல். பெயரின் நீளத்தைக் கண்டு மிரள வேண்டாம். விஷயம் நம்முடைய வயிற்றோடும் உயிரோடும் சம்பந்தப்பட்டது. அதனால்தான் இன்று இதைப் பற்றி எழுதுகிறோம்.

நெருப்பும் நீராவியும்

ஆலையிலிருந்தே தொடங்குவோம். பிழிந்த சாறு 100 டன் என்று வைத்துக்கொள்வோம். அதில் கரைந்திருக்கும் திடப்பொருள் 15 பங்கு. ஆலைக்காரர்கள் 'பிரிக்ஸ்' 15 என்பார்கள். மீதி தண்ணீர். பாகாக்க வேண்டுமானால் பிரிக்ஸ் 60 வரை ஏற்ற வேண்டும். அதாவது 75 டன் தண்ணீரை ஆவியாக்கி விரட்ட வேண்டும். ஒரே கலத்தில் காய்ச்சினால் அதற்கு ஏறத்தாழ 75 டன் நீராவி செலவாகும். நான்கு கலங்களை வரிசையாக வைத்து, முதல் கலத்தில் எழும் ஆவியாலேயே இரண்டாம் கலத்தைக் காய்ச்சி, இரண்டாவதன் ஆவியால் மூன்றாவதை, மூன்றாவதன் ஆவியால் நான்காவதைக் காய்ச்சினால் ஏறத்தாழ 19 டன் நீராவி போதும். கடைசிக் கலங்களில் காற்றழுத்தத்தைக் குறைத்துவிடுவதால் சாறு குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், சர்க்கரையும் கருகாது.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? நோர்பர்ட் ரில்லியூ. 1806-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலே பிறந்தவர். அவருடைய தாய் கறுப்பினக் குருதி கலந்த பெண்மணி. அவர் வாழ்ந்த காலத்தில் அந்நாட்டுக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் திறந்த கொப்பரைகளின் முன்னே நின்று, கொதிக்கும் சாற்றை நீண்ட அகப்பைகளால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெந்து புண்ணாகும் அந்த வேலையையும் வீணாகும் விறகையும் ஒருங்கே ஒழிக்க வழி கண்டார் ரில்லியூ. 1843-இல் காப்புரிமை பெற்றார். 1846-இல் இன்னொன்று பெற்றார். தோட்ட முதலாளிகள் கொழுத்தார்கள். நிறவெறி பிடித்த அந்த நாட்டில் அவருக்குச் சம மரியாதை கிடைக்கவில்லை. தாம் படித்த பாரிஸ் நகரத்துக்கே திரும்பிச் சென்று 1894-இல் அங்கே மறைந்தார். இன்று முண்டியம்பாக்கத்தில் காய்ந்தாலும் கியூபாவில் காய்ந்தாலும் சாறு காய்வது அவர் காட்டிய வழியில்தான்.

ரில்லியூ செய்தது என்ன? ஒரு கலத்தை மட்டும் பார்க்காமல், நான்கையும் ஒரே அமைப்பாகப் பார்த்தார். நாம் சொல்லுகிற விஞ்ஞானத்தின் உயிர்நாடி இதுதான். பான் பகுதியில் ஆவியைக் கூடுதலாக இழுத்தால் சாறு சூடேற்றும் இடத்தில் சூடு குறையும். சூடு குறைந்தால் கசடு சரியாக இறங்காது. அதைச் சரிக்கட்டப் பாய்லரில் சக்கையைக் கூடுதலாக எரிக்க வேண்டியிருக்கும். மின்சாரம் தயாரிக்க மிஞ்சும் சக்கை குறையும். ஓரிடத்தில் கை வைத்தால் நான்கு இடத்தில் அதிர்கிறது. அந்த அதிர்வை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லுவதுதான் இந்தப் படிப்பு.

பல்கலைக்கழகம் செய்த பணி

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1958-இல் ஆசிரியராகச் சேர்ந்த ரோஜர் சார்ஜென்ட் என்பவரை இந்தத் துறையின் தந்தை என்று சொல்லுகிறார்கள். அதற்கு முன்பு ஏழாண்டுகள் பிரான்சு நாட்டில் ஒரு தொழிற்சாலை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பட்டறையிலிருந்து பாடசாலைக்கு வந்த மனிதர் என்பதை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1982-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் இந்தத் துறைக்கென்று முதல் உலக மாநாடு கூடியது. 1989-இல் இம்பீரியல் கல்லூரியில் இதற்கென்றே ஒரு மையம் எழுந்தது. அதே இங்கிலாந்தில் போடோ லின்ஹாப் என்பவர் ஆலையின் சூட்டுக் கணக்கைப் புதிய முறையில் போட்டுக் காட்டினார். எங்கே சூட்டை வெளியே விடுகிறோம், எங்கே வெளியிலிருந்து வாங்குகிறோம், இரண்டையும் இணைத்தால் எவ்வளவு எரிபொருள் மிஞ்சும் என்பதே அந்தக் கணக்கு. பெரிய ரசாயன ஆலைகள் அதை ஓடி வந்து பிடித்துக்கொண்டன.

நம் நாடு சும்மா இருந்துவிடவில்லை. சென்னை கிண்டியில் 1944-இல் தோன்றிய அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம். பழைய தென்னார்க்காட்டுச் சீமையிலேயே, சிதம்பரத்தில், 1929-இல் எழுந்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 2013-இல் அதைத் தமிழக அரசே ஏற்றுக்கொண்டது. அங்கே ரசாயனப் பொறியியலும் உண்டு, கருவியியலும் உண்டு. 1959-இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யில் இந்தத் துறையில் உலகம் மதிக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே பேராசிரியராயிருந்த சங்கர் நரசிம்மன், கார்னீலியஸ் ஜோர்டாச் என்பவரோடு சேர்ந்து 2000-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆலையிலுள்ள மீட்டர்கள் ஒன்றோடொன்று முரண்படும்போது உண்மை அளவை எப்படிக் காண்பது, பொய் சொல்லும் மீட்டர் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே அந்த நூலின் பொருள்.

பொய் சொல்லும் மீட்டர்! கரும்பு விவசாயி காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடம் இது.

மீட்டர் சொல்லும் பொய்

நாமாகப் போட்ட ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லுகிறோம். சாற்றுத் தொட்டிக்குள் வந்தது 100 டன் என்கிறது ஒரு மீட்டர். தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் இரண்டு காய்ச்சு வரிசைகளுக்குப் போகின்றன. முதல் குழாயில் 62 டன், இரண்டாவதில் 34 டன் என்கின்றன அங்கேயுள்ள மீட்டர்கள். கூட்டினால் 96. தொட்டியில் மட்டம் மாறவில்லை. 4 டன் சாறு எங்கே?

கணக்கு எழுதுகிறவர் என்ன செய்வார்? 'இழப்பு' என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார். விஞ்ஞானம் அப்படி விடாது. முதல் வரிசையின் மறுமுனைக்குப் போ என்கிறது. அங்கே பாகு 16.5 டன், பிரிக்ஸ் 60. ஆகவே அதிலுள்ள திடப்பொருள் 9.9 டன். காய்ச்சும்போது தண்ணீர்தான் போகும்; திடப்பொருள் போகாது. உள்ளே வந்த சாற்றின் பிரிக்ஸ் 15. அப்படியானால் 9.9 டன் திடப்பொருளைக் கொண்டுவந்த சாறு 66 டன் இருந்தாக வேண்டும். மீட்டர் சொன்னதோ 62. இப்போது 66-ஐயும் 34-ஐயும் கூட்டுங்கள். 100! சாறு எங்கேயும் போகவில்லை. முதல் குழாயின் மீட்டர்தான் பொய் சொன்னது. சில அளவுகளை வைத்து நாம் போட்டதை, முந்நூறு அளவுகளை வைத்துக் கணிப்பொறி கண்ணிமைக்கும் நேரத்தில் போடுகிறது. பேராசிரியர்களின் நூல் சொல்லும் வழியின் சாரம் இவ்வளவுதான்.

கணக்கு வேறு விதமாகவும் முடிந்திருக்கலாம். எல்லா மீட்டரும் மெய் சொல்லி, சாறு உண்மையாகவே ஒழுகியிருக்கலாம். அப்போதும் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று இதே கணக்குதான் காட்டிக் கொடுக்கும்.

இதனால் விவசாயிக்கு என்ன என்று கேட்போருக்குச் சொல்லுகிறோம். 100 டன் கரும்பிலிருந்து எத்தனை டன் சர்க்கரை எடுத்தார்கள் என்பதை ஆலையில் 'ரெக்கவரி' என்பார்கள். விவசாயிகள் சர்க்கரைக் கட்டுமானம் என்பார்கள். மத்திய சர்க்கார் அறிவிக்கும் விலை இந்தக் கட்டுமானத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. 2025-26 பருவத்துக்குக் கட்டுமானம் 10.25 சதவீதமானால் குவிண்டாலுக்கு 355 ரூபாய். அதற்கு மேலே ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் 3.46 ரூபாய் ஏறும். கீழே போனால் அதே அளவு இறங்கும். 9.5-க்குக் கீழே எவ்வளவு போனாலும் 329 ரூபாய் 5 காசுக்குக் குறையாது. ஆக, 0.1 என்ற ஒரு புள்ளிக்கு டன்னுக்கு 34 ரூபாய் 60 காசு. 50 டன் போட்ட சிறு விவசாயிக்கு 1,730 ரூபாய். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு அந்தப் புள்ளியிலே தொங்குகிறது.

'எங்கள் பக்கம் கட்டுமானம் 9.5-ஐயே தொடுவதில்லையே, எப்படியும் அந்த அடிவிலைதானே' என்று சிலர் நினைக்கலாம். அங்கேயும் தப்ப முடியாது. நாளொன்றுக்கு 2,500 டன் அரைக்கும் ஆலையில் 0.1 சதவீதம் என்பது 2.5 டன் சர்க்கரை. அது நாள்தோறும் ஒழுகினால் ஆலை நட்டக் கணக்குக் காட்டும். நட்டக் கணக்கு முதலில் யார் தலையில் விடியும்? கரும்புப் பணம் நிலுவை நிற்கும். போனஸ் பேச்சுவார்த்தையில் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். நிர்வாகத்தின் அறையில் மட்டும் விசிறி நிற்காமல் சுற்றும்!

சக்கையோடு போன சர்க்கரை, கசடோடு போன சர்க்கரை, மொலாசஸோடு போன சர்க்கரை என்று ஆலைகள் கணக்கு வைக்கின்றன. அவற்றோடு இன்னொரு வரியும் உண்டு. 'காரணம் தெரியாத இழப்பு'! காரணம் தெரியாது என்று எழுதிவைத்துவிட்டால் போதுமா? தெரிந்துகொள்ளும் விஞ்ஞானம் பல்கலைக்கழகத்திலே இருக்கும்போது, தெரியாது என்று எழுதுவது யாருக்கு வசதி?

மணி அடித்தது 275 தடவை

இனி, கன்ட்ரோல் ரூமில் உட்காரும் தோழர்களின் பாட்டைப் பார்ப்போம். விபத்து நடந்தால் மறுநாள் வருகிற முதல் வார்த்தை, 'தொழிலாளியின் கவனக் குறைவு' என்பது.

1994 ஜூலை 24. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், மில்போர்டு ஹேவன் என்னும் ஊரின் எண்ணெய் ஆலை வெடித்தது. விசாரணையில் வெளிவந்த உண்மை இது: வெடிப்பதற்கு முந்திய 11 நிமிடங்களில் அங்கிருந்த இரண்டு ஆபரேட்டர்களின் முன்னே 275 எச்சரிக்கை மணிகள் அடித்திருக்கின்றன. நிமிடத்துக்கு 25 மணி! மூடியிருந்த ஒரு வால்வைத் திறந்திருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது திரை. மனிதன் என்ன செய்வான்? எந்த மணிக்கு முதலில் ஓடுவான்?

1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில் என்ன நடந்தது? விஷத் திரவத்தைக் குளிர்விக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் வேலை செய்யும் நிலையில் இல்லை. ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அதற்குப் பின்பும் யூனியன் கார்பைடு கம்பெனி, ஒரு தொழிலாளி செய்த நாசவேலை என்றே வாதாடியது. நம் பக்கத்து நெய்வேலியில், 2020 மே 7-ஆம் நாளும் ஜூலை 1-ஆம் நாளும், ஒரே அனல் மின் நிலையத்தில் இருமுறை பாய்லர் விபத்து. தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அவர்களில் உண்டு. அந்த வீடுகளின் ஒப்பாரி தென்னார்க்காட்டு ஊர்களிலே கேட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா சென்று பேராசிரியரான வெங்கட் வெங்கடசுப்பிரமணியன் என்பவர், சென்னை ஐ.ஐ.டி.யின் ரகுநாதன் ரெங்கசாமி முதலியோருடன் சேர்ந்து 2003-இல் மூன்று பகுதிகளாக ஓர் ஆய்வுரை வெளியிட்டார். ஆலையில் கோளாறு தலைகாட்டும்போதே அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது பொருள். பெரிய ஆலைகளில் சில விநாடிக்கு ஒரு முறை 1,500 அளவுகளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது என்றும், அவ்வளவையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்படி மனிதனை விட்டால் தவறு நேருவதில் வியப்பில்லை என்றும் அதிலே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நாம் தொழிற்சங்க மேடையில் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததை, பேராசிரியர்கள் கணக்கோடு சொல்லிவிட்டார்கள். 275 மணியில் மூல மணி எது என்று பிரித்துக் காட்டும் முறையையும் அவர்களே வகுத்திருக்கிறார்கள். அதை ஆலைக்குள் கொண்டுவராமல், ஆபரேட்டரின் மீது மெமோ எழுதுகிறவர்களை என்னவென்று சொல்வது?

ஒரு கேள்விக்குப் பதில்

'கணிப்பொறி வந்தால் ஆள் குறைப்பு வராதா?' என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வரும் ஆபத்து உண்டு. ஐந்து பேர் பார்த்த வேலைக்கு இரண்டு பேர் போதும் என்று சொல்ல முதலாளிக்கு ஒரு சாக்கு கிடைத்தால் விடமாட்டார். ஆனால் விஞ்ஞானத்தை வாசலிலே நிறுத்திவிட்டால் ஆபத்து நின்றுவிடுமா? அது முதலாளியின் அறை வழியாக உள்ளே வரும். அவருடைய கணக்கை மட்டும் பார்க்கும். சக்கையில் மிச்சப்பட்ட ரூபாய் யாருக்குப் போகிறது என்று கேட்க ஆள் இருக்காது. தொழிலாளிக்கும் அந்தக் கணக்குத் தெரிந்தால், 'இந்தப் பருவத்தில் இவ்வளவு மிச்சம். இதில் எங்கள் பங்கு எவ்வளவு? வேலைக்கு உத்தரவாதம் என்ன?' என்று மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்கலாம்.

அறிவு மக்களிடம் வந்து சேர்ந்ததற்கு முன்மாதிரி வேண்டுமா? திண்டிவனத்தைப் பாருங்கள். அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் உண்டாக்கிய நிலக்கடலை ரகங்களுக்கு 'டி.எம்.வி.' என்று பெயர். திண்டிவனத்தின் பெயரே அந்த மூன்று எழுத்தில் இருக்கிறது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று சொன்னால் தெரியாத கடலை விவசாயி உண்டா? கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தந்த 'கோ.க. 671' கரும்பும் அப்படித்தான் வயலுக்கு வந்தது. பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி பொதுமக்களின் வயலுக்கு வந்து சேர்ந்தது. வயல் வரையில் வந்த விஞ்ஞானம் ஆலை வாசலில் ஏன் நின்றுவிட வேண்டும்?

நாம் கேட்பது

விழுப்புரத்தை அடுத்த காகுப்பத்திலும் திண்டிவனத்தை அடுத்த மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. கணிப்பொறியும் மின்னணுவும் அங்கே கற்பிக்கிறார்கள். படிக்கிறவர்களில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர். கரும்பு வெட்டியவர் மகனும் களை எடுத்தவர் மகளும் அங்கே கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கைத் தம் ஊர் ஆலைக்குப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பை அவர்களுக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

ஆகவே நாம் சொல்லுகிறோம். முதலாவது, அரசின் கையிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் தொடங்கட்டும். பெரியசெவலை இருக்கிறது, மூங்கில்துறைப்பட்டு இருக்கிறது. காகுப்பம், மேல்பாக்கம் மாணவர்களும், சிதம்பரத்தின் ரசாயனப் பொறியியல் மாணவர்களும் ஓர் அரவைப் பருவம் முழுவதும் அங்கே ஆசிரியர்களோடு தங்கி, சாறு முதல் மூட்டை வரையில் கணக்கெடுக்கட்டும்.

இரண்டாவது, 'காரணம் தெரியாத இழப்பு' உட்பட எல்லா இழப்புகளையும் மாதந்தோறும் தமிழில் எழுதி, எடைமேடைக்குப் பக்கத்திலே பலகையில் வைக்கட்டும். தனியார் ஆலைகளுக்கும் இந்தக் கடமை வரட்டும். தொழில் ரகசியம் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை, கரும்பு விவசாயியுடையது.

மூன்றாவது, கன்ட்ரோல் ரூமிலும் பாய்லரிலும் நிற்கும் தொழிலாளர்களுக்கு, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, சம்பளத்தோடு தமிழில் பயிற்சி வேண்டும். எந்த மணி எதற்கு அடிக்கிறது, எந்த மணி வீண் மணி என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு வேண்டும். அவர்கள் சொல்லைப் பதிவு செய்யாமல் எந்த எச்சரிக்கை ஏற்பாட்டையும் மாற்றக் கூடாது.

பேராசிரியர்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறோம். வெளிநாட்டு ஏடுகளில் உங்கள் கட்டுரைகள் வருவது நமக்கும் பெருமைதான். அதோடு ஒரு முறை முண்டியம்பாக்கம் வரிசையிலும் வந்து நில்லுங்கள். இருபது ஆண்டு பானில் நின்ற தொழிலாளி, பாகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இழுத்துப் பார்த்துப் பதம் சொல்லுவார். அந்த விரலின் அறிவையும் உங்கள் சமன்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளைத் தோழர்களுக்கு நாம் தரும் வேலை இது. மேலே போட்ட 100 டன் கணக்கை வெட்டி எடுத்துப் படிப்பகத்துச் சுவரில் ஒட்டுங்கள். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளை அழைத்து, கரும்பு விவசாயிகளுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் விளங்கும்படி பலகையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த அரவைக்குப் பாய்லர் மூட்டுகிற நாளில் ஆலை வாசலுக்குப் போய், 'சென்ற பருவத்தில் காரணம் தெரியாத இழப்பு எவ்வளவு?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுநாளும் கேளுங்கள்.